கஞ்சி குடிக்கும் மோட்டார்

கொடைக்கானல் மலைமேல் இருக்கும் போளூரை விட்டு நடக்க ஆரம்பித்தபோது மழை இல்லை. அன்றைக்கு எனக்குச் சாதகமாக இருந்தது அது ஒன்றுதான். உருளைக்கிழங்கு தோண்டி முடிந்துவிட்டது. மூட்டை கட்டி லாரியில் ஏற்றியும் முடிந்துவிட்டது. காலையில் தோட்டத்துக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். 'இன்னும் இங்கேயா இருக்கிறான்?' என்று கேட்கும் பார்வை. அந்தப் பார்வையை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் யாரையும் வாய் திறக்க விடாமல் கிளம்பிவிடுவது என் வழக்கம். மாட்டுக் கொட்டகையில் விரித்துப் படுத்திருந்த சாக்கை மடித்து வைத்தேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கவுஞ்சி ரோட்டில் நடந்தேன். எமர்ஜென்சியெல்லாம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். அந்தப் பக்கம் பஸ் என்பது வந்தால் உண்டு.

பையில் ஒரு சட்டை, ஒரு கம்பளி, ஒரு அலுமினியத் தட்டு. அவற்றோடு ஒரு பைப் ரெஞ்ச். பையைவிட அது நீளம் என்பதால் எப்போதும் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்த ரெஞ்சுக்கு ஒரு கதை உண்டு. எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டு (அவருக்குக் கணக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அவ்வளவுதான் வேறுபாடு) நான் பள்ளியை விட்டேன். அதன்பின் பார்த்த பல வேலைகளில் ஒன்று, ஒட்டன்சத்திரத்தில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் எடுபிடி வேலை. கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போகும்போது, போனால் போகிறது என்று அதை என்னிடம் கொடுத்தார். அதை வைத்து நான் தேங்காய் உடைத்திருக்கிறேன், நாய் விரட்டியிருக்கிறேன், துணி சுற்றித் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறேன். பைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது பயன்பட்டது.

தைல மரக்காடு தாண்டி, பூண்டு வயல்கள் படிப்படியாக இறங்கும் சரிவு வந்தது. மேகம் ரோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. போளூரில் இருந்த அத்தனை நாளும் என் பெயரை யாரும் கேட்கவில்லை. மலைக்குக் கீழே இருந்து வந்தவன் என்பதால் "ஏலே, கீழ்நாட்டான்" என்பார்கள், நானும் திரும்புவேன். பேச ஆளில்லாமல் இருப்பது பசி மாதிரிதான். முதலில் தெரியும், பிறகு பழகிவிடும், பிறகு யாராவது ஒரு வாய் கொடுத்தால்தான் எவ்வளவு நாளாகிவிட்டது என்று தெரியும்.

கவுஞ்சியில் ரோட்டோரம் ஒரு ஓட்டு வீடு. வாசலில் சிலுவை போட்ட கேட். கேட்டுக்கு உள்ளே ஒரு அம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு என் பையில் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"தம்பி, மோட்டார் மெக்கானிக்குங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் என்னைப் பார்த்து முகம் மலர்ந்த ஒரு மனிதரை நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. உள்ளேயிருந்து எதையோ வதக்கும் வாசனை வேறு. "பாக்கலாம்மா" என்றேன். எல்லா மெக்கானிக்கும் சொல்வது அதுதான் என்று கடையில் கற்றிருந்தேன்.

அவர் பெயர் ஞானம்மா. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் வெகுகாலம் சமையல் வேலை பார்த்தவர். புருஷன் இல்லை. ஸ்டெல்லா என்று ஒரே மகள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர். மறுநாள் பகலில் வத்தலக்குண்டிலிருந்து ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். முன்பு வந்த ஒரு வீட்டார், இந்த மலைக்காட்டில் தண்ணீர் சுமக்கும் குடும்பத்தில் சம்பந்தம் எதற்கு என்று சொல்லிப் போய்விட்டார்களாம். அதைக் கேட்ட ரோஷத்தில்தான் ஞானம்மா மழைக்காலத்தில் கிணற்றுக்கு மோட்டார் போட்டார். பாத்ரூம் கூரைமேல் ஒரு டிரம், அதிலிருந்து வீட்டுக்குள் குழாய். இந்தத் தடவை தரகரிடம் அவர் சொல்லியனுப்பிய முதல் தகவல் பெண்ணின் படிப்பு அல்ல. எங்கள் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்பது.

அந்த மோட்டார்தான் பத்து நாளாக ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. வீட்டுக்கு வேண்டியதை மறுபடி ஓடையிலிருந்து குடத்தில் சுமந்துகொண்டிருந்தார்கள்.

கிணற்றைப் பார்த்தேன். மேலே மூடி போட்டு, இறைக்கிற கப்பியையும் கயிற்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள். (மோட்டார் வந்த வீட்டில் கயிறு எதற்கு?) மோட்டார் மேட்டில், கிணற்றடியில் இருந்தது. உள்ளே இறங்கக் கம்பிப் படிகள். பாதி ஆழத்தில், உட்காரும் அளவுக்கு ஒரு பாறைத் திட்டு. தண்ணீர் அதற்கும் கீழே, நன்றாகவே கிடந்தது. மேட்டிலிருந்து இருபத்திரண்டு அடி இருக்கும் என்று கண்ணால் அளந்தேன். ஒட்டன்சத்திரத்துக் கடைக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே சாத்திரம், 'இருபத்தஞ்சு அடிக்குள்ள தண்ணி இருந்தா மோட்டார் இழுக்கும். இழுக்கலைன்னா எங்கயோ காத்து வாங்குது' என்பது. நான் தெம்பாக நிமிர்ந்தேன்.

"எங்கயோ காத்து வாங்குதும்மா."

பின்னால் ஸ்டெல்லா வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். என்னையும் ரெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மழைக்காலத்துல நல்லாத்தாங்க ஓடுச்சு. தண்ணி எறங்க எறங்கத்தான் இப்படி."

அந்த வாக்கியத்தில் நோயும் இருந்தது, மருந்தும் இருந்தது. ஆனால் நான் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. மெக்கானிக்காக இருந்தேன்.

முதலில் குழாயின் மூட்டு ஒவ்வொன்றையும் முறுக்கினேன். சைக்கிள் டியூபைக் கிழித்து எல்லா இணைப்பிலும் கட்டுக் கட்டாகச் சுற்றினேன். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஆள் மாதிரி ஆனது மோட்டார். அதன் மேல்புறத்து வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பி, சுவிட்சைப் போட்டேன். காலிக் குழாயோடு ஓடினால் இழுக்காது. முதலில் நாம் கொஞ்சம் கொடுத்தால்தான் அது மிச்சத்தை எடுக்கும். மோட்டார் உறுமியது, டிரம்முக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தது, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வெறுமனே ஓடியது. மறுபடி ஊற்றினேன். மறுபடி ஒரு சொம்பு, மறுபடி செருமல். நான் கொடுத்ததைத்தான் அது திருப்பித் தருகிறது என்பது எனக்குப் புரியவில்லை. இழுக்கத் தொடங்கிவிட்டது என்று ஞானம்மாவிடம் சொன்னேன். அவர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்து என் சந்தேகம் ஃபுட் வால்வின் மேல் விழுந்தது. கிணற்றுக்குள் போகும் குழாயின் அடி நுனியில் இருக்கும் சின்னக் கதவு அது. தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அது ஒழுகினால் குழாயில் ஊற்றிய தண்ணீர் கிணற்றுக்கே போய்விடும். இங்கே ஒழுகவில்லை. ஒழுகியிருந்தால் அந்த ஒரு சொம்பும் வந்திருக்காது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு ஞானம்மாவிடம் ஒரு டப்பா மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு கம்பிப் படியில் இறங்கினேன். பாறைத் திட்டில் உட்கார்ந்து, கறுப்பு ஓஸ் பைப்பை இழுத்து வால்வைக் கையில் எடுத்து, கழற்றினேன். உள்ளே தோல் வாசர் புத்தம் புதிதாக இருந்தது. கழற்றியது கழற்றியாயிற்று, சுத்தமாவது செய்வோம் என்று மண்ணெண்ணெயில் கழுவினேன்.

கிணற்றுக்குள் குளிரும் அமைதியும் நன்றாக இருந்தன. மேலே ஒரு துண்டு வானம். அதில் ஞானம்மாவின் தலை. ஏதாவது வேண்டுமா தம்பி என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம்மா என்று நிமிர்ந்தேன். முழங்கை டப்பாவில் பட்டது.

சத்தம் சின்னதுதான். ஆனால் கிணற்றுக்குள் எல்லாச் சத்தமும் இரண்டு தடவை கேட்கும்.

"என்னங்க விழுந்துச்சு?" மேலே ஸ்டெல்லாவின் தலையும் சேர்ந்துகொண்டது.

நான் கீழே பார்த்தேன். தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு வானவில் மெதுவாக விரிந்து சுவரைத் தொட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"டப்பா மூடி திறந்திருந்துச்சுங்களா?" என்று கேட்டார் ஸ்டெல்லா.

"திறந்திருந்துச்சுங்க."

"முழுசா?"

"முழுசாத்தாங்க."

இரண்டு தலைகளும் வானத்திலிருந்து மறைந்தன. ஆளில்லாத அந்த வட்ட வானத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த தனிமை, போளூரில் கொட்டகையில் மாடுகளோடு படுத்திருந்தபோதுகூட வந்ததில்லை.

எப்படியும் மோட்டாரை ஓட வைத்துவிட்டால், ஓட ஓட எண்ணெய்த் தண்ணீர் வெளியேறிவிடும். நல்ல தண்ணீர் ஊறிவிடும். அப்படித்தான் எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். வால்வை அவசரமாகப் பூட்டினேன். பூட்டும்போது தோலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு பொடிக்கல் மாட்டிக்கொண்டது. அதாவது, ஒழுகாத வால்வை எடுத்து ஒழுகும் வால்வாக மாற்றி, கிணற்றுக்குள் விட்டேன்.

மேலே வந்து தண்ணீர் ஊற்றினேன். குழாய் குடித்துக்கொண்டே இருந்தது. முதலில் குளிப்பதற்கு வைத்திருந்த அண்டா போனது. பிறகு பாத்திரம் கழுவ வைத்திருந்தது. நல்லாக் குடிக்குது, இனிமேல் இழுத்திரும் என்றேன் நான். ஞானம்மா நம்பினார், அவருக்கு வேறு வழி இல்லை. மறுநாள் சமையலுக்கு மூடி வைத்திருந்த குடத்தை அவரே தூக்கிவந்தார். அரிசி கழுவிய தண்ணீர் வந்தது. ஹாஸ்டலை விட்டு வரும்போது யாரோ வெள்ளைக்காரம்மா கொடுத்த ரப்பர் வெந்நீர்ப் பையிலிருந்து நேற்று இரவுத் தண்ணீர் வந்தது. மேசைமேல் ரோஜாச் செடிக் கிளை வைத்திருந்த ஜாடித் தண்ணீர் வந்தது. ஒரு இலையும் சேர்ந்து உள்ளே போனது. கடைசியில் ஞானம்மா உள்ளே போய், மாதா படத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வந்தார். வேளாங்கண்ணித் தீர்த்தம்.

"அம்மா, அது வேண்டாம்" என்றார் ஸ்டெல்லா.

"உனக்காகத்தாண்டி வாங்கிட்டு வந்தது. உனக்காகவே போகட்டும்."

ஊற்றினார். சுவிட்சைப் போட்டேன். மோட்டார் உற்சாகமாக ஓடியது. குழாயிலிருந்து காற்று வந்தது. கொஞ்ச நேரம் மூவரும் அந்தக் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு மெக்கானிக் ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் என்ன கெடுதல் செய்ய முடியும் என்று பிற்காலத்தில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் செய்யலாம். அல்லது வீட்டிலிருக்கும் தண்ணீரையெல்லாம் காலி செய்யலாம். இரண்டையும் ஒரே சாயங்காலத்தில், அந்த வீட்டாரின் உதவியோடே செய்து முடித்தவன் வேறு யாரும் இருக்க முடியாது.

ஞானம்மா என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். நாளைக்கு வருகிறவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் இல்லை, காபி போடத் தண்ணீர் இல்லை, தரகரிடம் சொல்லியனுப்பிய குழாயில் காற்று மட்டும் இருக்கிறது என்று சுவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். எனக்குச் சோறு இல்லை. அரிசி வேகத் தண்ணீர் வேண்டுமே. ஸ்டெல்லா இரண்டு பன் கொண்டுவந்து கொடுத்தார். விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து தின்றேன். முதல் பன்னிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. எச்சிலைக் கூட்டி விழுங்கினேனே தவிர, அந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

அந்தச் சாயங்காலம் அந்தக் குடும்பத்தில் இன்னும் முடியவில்லை. வீட்டுக்கு யார் வருவதாகத் தகவல் வந்தாலும், "மெக்கானிக்கா? குடிதண்ணிய ஒளிச்சு வைங்க" என்பார்கள். மறுநாள் பகலில் நடந்ததையும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா குழாயைத் திருகி, தண்ணீர் வந்து, முகத்தில் சோப்புப் போட்ட நேரம் பார்த்து அது நின்றுவிட்டதாம். ஞானம்மா வெலவெலத்துப்போய் நிற்க, ஸ்டெல்லா மட்டும் நிதானமாக, "கொஞ்சம் பொறுங்க அத்தை, மோட்டார் ஓடைக்குப் போயிருக்கு. கஞ்சி குடிக்கிற மோட்டாரு, மேடு ஏறி வர நேரமாகும்" என்றாராம். சோப்புக் கண்ணோடு அந்த அம்மா திகைத்திருக்க, மாப்பிள்ளை சிரித்துவிட்டார். சிரித்ததோடு நிற்கவில்லை. எழுந்து பின்பக்கம் வந்தார். மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த என் தோளிலிருந்து, தண்ணீர்த் தகரங்கள் தொங்கிய காவடிக் கம்பை வாங்கிக்கொண்டார். அந்தக் கல்யாணம் அங்கேதான் முடிவானது. அவர்களுடைய பிள்ளைகள் என்னை 'மோட்டார் மாமா' என்று கூப்பிடுகிறார்கள். எனக்கென்று பெண்டாட்டி பிள்ளை அமையவில்லை. எந்த ஊரிலும் நான் நிலைத்திருக்கவும் இல்லை. ஆனால் நான் இல்லாதபோதும் என்னைச் சொல்லிச் சிரிக்க ஒரு வீடு இருக்கிறது. எத்தனை பேருக்கு அது இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மோட்டாருக்கு என்னதான் கோளாறு என்று கேட்பீர்கள். ஒரு கோளாறும் இல்லை. கிணற்றை நான் பல நாள் இறைத்துச் சுத்தம் செய்து, வால்விலிருந்த பொடிக்கல்லை எடுத்த பின்னும் அது இழுக்கவில்லை. பொறுமை போன ஸ்டெல்லா, "எட்டலைன்னா பக்கத்துல கொண்டு போய் வைக்க வேண்டியதுதானேங்க" என்றார். மோட்டாரைக் கயிறு கட்டி, கிணற்றுக்குள் அந்தப் பாறைத் திட்டில் இறக்கி வைத்தோம். பீறிட்டுக்கொண்டு வந்தது. ஏன் என்பது பல மலைக்கிணறுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் வெற்றிடம் பண்ணுவது மட்டும்தான் அதன் சோலி. வெளியே தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றின் பாரம்தான் தண்ணீரை உள்ளே தள்ளி ஏற்றுகிறது. ஒட்டன்சத்திரத்தில் காற்று கனமானது. இருபத்தஞ்சு அடி ஏற்றும். கவுஞ்சி உயரத்தில் காற்றே இளைத்துக் கிடக்கிறது. பதினெட்டு அடியிலேயே களைத்துவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் மேலே கிடந்தது, ஓடியது. கோடையில் இறங்கியது, நின்றது. நானும் என் சாத்திரமும் கீழே இருந்து வந்தவர்கள். மலைக்கு வந்தால் இரண்டுமே செல்லாது என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. நான் சொல்லி நிறுத்த நினைப்பது அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் காலையை, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முந்தைய நேரத்தை.

விடியும் முன்பே நான் கம்பளியை மடித்துவிட்டேன். எதையும் சொல்லாமல் போய்விடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே நாகரிகம். பையை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கேட்டைத் திறந்தேன்.

கேட்டுக்கு வெளியே ஞானம்மா நின்றார். காலடியில் இரண்டு எண்ணெய்த் தகரங்கள், கயிறு, ஒரு காவடிக் கம்பு. பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"இவ்வளவு வெள்ளனே எங்க கெளம்பிட்டீங்க?"

"சும்மாம்மா. பாத்துட்டு வரலாம்னு."

"பையோடயா?"

ஞானம்மா தகரங்களைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"போறதுன்னா போங்க. ஓடை அந்தக் கேரட் காட்டுக்குக் கீழ. மேல இருக்க டிரம்மை ரொப்பிட்டுப் போங்க. அவங்க பஸ்ஸு வரதுக்குள்ள வெரசா ஆகணும். தூக்கிட்டு வந்ததும் கஞ்சி தாரேன்."

வாசலிலிருந்து ஸ்டெல்லா இறங்கி வந்தார். என் தோளிலிருந்து பையை வாங்கி, அதிலிருந்து ரெஞ்சை உருவினார்.

"இது இங்க கெடக்கட்டும். கையில இருந்தா ஓடையையும் கழட்டிருவீங்க."

ரெஞ்சை வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். பையும் அதோடு தொங்கியது. நான் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் தகரங்களை மாட்டிக்கொண்டேன். காலித் தகரம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது. மேகம் இன்னும் ரோட்டை விட்டு எழவில்லை. சரிவில் கொஞ்ச தூரம் இறங்கியிருப்பேன்.

"ஏங்க" என்று ஸ்டெல்லாவின் குரல் மேலிருந்து வந்தது. "உங்க பேரு என்னங்க?"

மேகத்தில் அவர் முகம் தெரியவில்லை. "முத்துராசு" என்று கத்தினேன். ரொம்ப நாளாகச் சொல்லாத பேர். தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வந்தது. அவர் திரும்பி அம்மாவிடம் அதைச் சொல்வது கேட்டது. நான் ஓடைக்கு இறங்கினேன்.